பத்து பைட் போதும்

எங்க ஊர் தீர்த்தமலை. அரூர் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் முதல் தடவை கடலைப் பார்த்ததே பத்தாவது முடிச்ச பிறகு, ஸ்கூல் டூர்லதான். அப்படிப்பட்டவன் நடுக்கடல்ல மெசேஜ் அனுப்புறதைப் பத்தி எழுதுறானேன்னு தோணும். காரணம் என் ரூம்மேட். அவன் கதைக்கு முன்னாடி எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லிடறேன்.

ராமர் எங்க மலையில சிவபூஜை செய்ய நினைச்சாராம். காசியில இருந்து தீர்த்தம் கொண்டு வரச்சொல்லி அனுமனை அனுப்பினார். பூஜை நேரம் நெருங்குது, அனுமனைக் காணோம். பொறுத்துப் பார்த்த ராமர், மலையில அம்பு விட்டார், தண்ணி கொட்டுச்சு. அதுதான் இன்னைக்கும் மலைமேல விழுற ராமர் தீர்த்தம். பூஜை முடிஞ்ச பிறகு வந்து சேர்ந்த அனுமன், கோபத்துல கொண்டு வந்த தீர்த்தத்தை வீசி எறிஞ்சார். அது தென்பெண்ணை ஆத்தங்கரையில போய் விழுந்துச்சு. அந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். ரெண்டு ஊருக்கும் பேர் வந்த கதை இதுதான்னு எங்க பாட்டி சொல்லுவாங்க.

இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு இந்தக் கதையை நினைச்சா எனக்கு ஒண்ணுதான் தோணுது. இதுல யார் மேலயும் தப்பு இல்ல. போனவர் போன வேலையை முடிச்சார். காத்திருந்தவர் முடிஞ்ச மட்டும் காத்திருந்தார். நடுவுல இல்லாதது ஒரே ஒரு வரி: "வந்துட்டு இருக்கேன், கொஞ்சம் லேட் ஆகும்."

அந்த ஒரு வரி இல்லாம எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தன் நாலு நாள் தூங்கல. அதான் இந்தக் கட்டுரை.

நாலு நாள்

என் ரூம்மேட் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர்க்காரன். அவன் அப்பா தங்கு கடல் மீன்பிடிப்புக்குப் போறவர். காலைல போய் சாயங்காலம் திரும்புற வேலை இல்ல. கொச்சி, முனம்பம் மாதிரி துறைமுகத்துல இருந்து கிளம்பினா, ஐஸும் டீசலும் அரிசியும் ஏத்திக்கிட்டு முப்பது, நாப்பது நாள் கடல்லயே இருப்பாங்க. கரையில இருந்து நூத்துக்கணக்கான கடல் மைல் தள்ளி.

மூணாவது செமஸ்டர், நவம்பர் மாசம். அரபிக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்னு டிவியில வந்துச்சு. அவன் அம்மாவுக்கு போன் போட்டான். "இன்னும் தகவல் இல்ல மக்கா"ன்னாங்க. மறுநாளும் அதே பதில். மூணாவது நாள் இன்டர்னல் எக்ஸாம். பேப்பர்ல பேரை மட்டும் எழுதிட்டு வெளியே வந்துட்டான். நாலாவது நாள் ராத்திரி வேற ஒரு போட் கரைக்கு வந்து, "அவங்களைப் பார்த்தோம், நல்லாதான் இருக்காங்க"ன்னு சொன்ன பிறகுதான் சாப்பிட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு அவன் அப்பா கரை சேர்ந்து போன் பண்ணினார். ஸ்பீக்கர்ல போட்டான், நானும் கேட்டேன். அவங்க இருந்த இடத்துல காத்தே இல்லையாம். "நாங்க பாட்டுக்கு மீன் குழம்பு வெச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தோம்லே, நீங்க எதுக்குப் பதறினீங்க?"ன்னு சிரிச்சார். இவன் சிரிக்கல. போனை வெச்சுட்டு என்கிட்ட, "ஒரு 'ஓகே' அனுப்ப முடியாதாடா? வெறும் 'ஓகே'?"ன்னு கேட்டான்.

அந்தக் கேள்விக்கு ஈசிஇ படிக்கிற எனக்குப் பதில் தெரியல. தேடிப் படிச்சேன். படிச்ச பிறகு எனக்கு வந்த கருத்து இது: முடியும். தொழில்நுட்பம் எப்பவோ தயார். அதோட அடக்கமும் நாம நினைக்கிற அளவுக்குப் பெருசில்ல. ஆனா நாம அதை 'உயிர் போற நேரத்துல அழுத்துற பட்டன்'னு மட்டுமே யோசிச்சு வெச்சிருக்கோம். அதுதான் தப்பு.

ஒக்கி சொன்ன பாடம்

2017 நவம்பர் 29 காலையில காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நவம்பர் 30 காலையில ஒக்கி புயல். ஒரே நாள்ல, அதுவும் குமரிக்கு ரொம்பப் பக்கத்துலயே புயலாச்சு. கரையில இருந்தவங்களுக்கு டிவி, போன் எல்லாம் இருந்துச்சு. வாரக்கணக்கா ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு? புயல் எச்சரிக்கை அவங்ககிட்டப் போய்ச் சேர வழியே இல்ல. தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் நூத்துக்கணக்கான மீனவர்கள் இறந்தாங்க, இல்ல காணாமப் போனாங்க. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மாதிரி ஊர்கள்ல தெருவுக்குத் தெரு இழப்பு. டிசம்பர் 7 அன்னைக்கு ஆயிரக்கணக்கானவங்க நடந்தே போய் குழித்துறை ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உட்கார்ந்தாங்க. அவங்க கேட்ட முக்கியமான ஒண்ணு: கடல்ல இருக்கிறவங்களைத் தேடுங்க, எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க.

எங்க இருக்காங்க. அந்த ரெண்டு வார்த்தைக்குத் தண்டவாளத்துல உட்கார வேண்டியிருந்துச்சு.

மலையும் கடலும் ஒண்ணுதான்

2020 லாக்டவுன்ல ஆன்லைன் கிளாஸுக்கு நான் தீர்த்தமலைப் படியில பாதி ஏறி உட்காருவேன். கீழ வீட்டுல மலை மறைச்சிடும். மேல ஏறினா டவர் நேராத் தெரியும். கடல்ல மறைக்க மலை இல்ல. ஆனா பூமியே வளைஞ்சு மறைச்சிடும்.

போட்ல இருக்கிற வயர்லெஸ் செட் விஎச்எஃப். அது கிட்டத்தட்ட நேர்கோட்டுலதான் போகும். ஆன்டெனா ப்ராபகேஷன் படிச்சவங்களுக்கு இந்த ஃபார்முலா ஞாபகம் இருக்கும்: தூரம் கிலோமீட்டர்ல, ஏறக்குறைய 4.12 பெருக்கல் ரெண்டு ஆன்டெனா உயரங்களோட வர்க்கமூலங்களின் கூட்டல். ரெண்டு போட்லயும் ஆன்டெனா 5 மீட்டர் உயரத்துல இருந்தா, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். அதாவது 10 கடல் மைல். கரையில 100 மீட்டர் உயர டவர் வெச்சாலும் 50 கிலோமீட்டர், 27 கடல் மைல். பவரை ஏத்தினாலும் பெரிய லாபம் இல்ல, ஏன்னா தடையா நிக்கிறது பூமி.

இவங்க போறது 200, 300 கடல் மைல். அதனால ஒரு போட்ல இருந்து இன்னொரு போட், அதுல இருந்து மத்தொண்ணுன்னு செய்தி கைமாறிக் கைமாறித்தான் வருது. நடுவுல ஒரு போட் இல்லேன்னா செய்தியும் இல்ல. கரைக்கு நேரா எட்டணும்னா ரெண்டு வழிதான். ஒண்ணு, அயனமண்டலத்துல பட்டுத் திரும்புற எச்எஃப். இன்னொண்ணு, சாட்டிலைட்.

பாய்மரக்காரங்க கத்துக்கிட்டது

உலகத்தைப் பாய்மரப் படகுல சுத்துறவங்க இந்தப் பிரச்சனையை ரொம்ப வருஷமாச் சமாளிச்சுட்டு வர்றாங்க. எல்லாரும் பணக்காரங்க இல்ல. எச்எஃப் ரேடியோவோட ஒரு மோடத்தைச் சேர்த்து, வெறும் எழுத்து மட்டும் இருக்கிற ஈமெயில் அனுப்புவாங்க. ஹாம் லைசன்ஸ் இருக்கிறவங்களுக்கு வின்லிங்க், மத்தவங்களுக்கு வருஷச் சந்தா கட்டுற செயில்மெயில். ஃபோட்டோ கிடையாது, அட்டாச்மென்ட் கிடையாது. வானிலை வரைபடத்தைக்கூட சில கிலோபைட்டுக்குள்ள சுருக்கித்தான் வாங்குவாங்க.

அப்புறம் இரிடியம் வந்துச்சு. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்துல 66 சாட்டிலைட். அதோட பழைய டேட்டா வேகம் 2.4 கேபிபிஎஸ். கணக்குப் போட்டா விநாடிக்கு 300 பைட். நம்ம போன்ல எடுக்கிற 2 எம்பி ஃபோட்டோ ஒண்ணை அதுல அனுப்ப 1 மணி 50 நிமிஷம் ஆகும். அதே லைன்ல "நல்லா இருக்கோம். வியாழன் கரைக்கு வருவோம்."ங்கிற வரி அரை விநாடிக்குள்ள போயிடும். பாய்மரக்காரங்க கத்துக்கிட்டது இதைத்தான்: கடல்ல வேகத்துக்குக் காசு கொடுக்காதே, வார்த்தைக்குக் கொடு.

அதோட மதிப்பு தெரியணும்னா அபிலாஷ் டோமியைப் பாருங்க. இந்தியக் கடற்படை அதிகாரி. 2018-ல கோல்டன் குளோப் ரேஸ், தனி ஆளா உலகத்தைச் சுத்துற போட்டி. பழைய காலத்து முறையில ஓட்டணும். ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக்கூடாது. செப்டம்பர் 21 அன்னைக்கு தெற்கு இந்தியப் பெருங்கடல்ல புயல். படகு உருண்டு, பாய்மரம் ஒடிஞ்சு, முதுகெலும்பு அடிபட்டுப் படுத்துட்டார். பக்கத்துல யாருமே இல்ல. ஒரு சின்ன டெக்ஸ்டிங் கருவி வழியா, படகு உருண்டுச்சு, பாய்மரம் போச்சு, எழுந்திருக்க முடியலங்கிற விஷயத்தைச் சில வார்த்தையில அனுப்பினார். செப்டம்பர் 24 அன்னைக்கு பிரான்சோட மீன்வள ரோந்துக் கப்பல் ஒசிரிஸ் அவரை மீட்டுச்சு. வீடியோ கால் இல்ல, இன்டர்நெட் இல்ல. அந்தச் சில வார்த்தைதான்.

நம்மகிட்ட என்ன இருக்கு?

நியாயமாப் பேசணும்னா, ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல முடியாது.

இஸ்ரோவோட டேட், அதாவது அபாய எச்சரிக்கைக் கருவி, 2010-ல இருந்து இருக்கு. ஆபத்துல பட்டனை அழுத்தினா சாட்டிலைட் வழியா பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனா ஒருவழி. அழுத்தினது போய்ச் சேர்ந்துச்சான்னு அழுத்தினவருக்கே தெரியாது. 2019-ல ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி கருவியைக் கொண்டு வந்துச்சு. அது புயல் எச்சரிக்கையையும் மீன் வள இடத்தையும் போனுக்குச் சொல்லும். அதுவும் ஒருவழி. கேட்கலாம், பதில் பேச முடியாது. 2024 ஜனவரியில இஸ்ரோ அறிவிச்ச ரெண்டாம் தலைமுறை டேட்ல, "உங்க செய்தி கிடைச்சுது"ன்னு பதில் வரும். இது பெரிய முன்னேற்றம். நடுக்கடல்ல தத்தளிக்கிறவனுக்கு, யாரோ கேட்டுட்டாங்கங்கிறதே பாதித் தெம்பு.

2024 ஆகஸ்ட் 30-ல மகாராஷ்டிராவோட பால்கர்ல பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கி வெச்சார். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள்ல ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர். மதிப்பு 364 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தா ஒரு படகுக்கு 36,400 ரூபாய். இதுல ரெண்டு பக்கமும் செய்தி அனுப்பலாம். நான் தேடினதுலயே என் ரூம்மேட்டோட கேள்விக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற பதில் இதுதான்.

அப்புறம் சேட்டிலைட் போன். 26/11 தாக்குதல்காரங்க துரையா போனோட கடல் வழியா, ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தாங்க. இன்னைக்கு துரையா, இரிடியம் போனை அனுமதி இல்லாம இந்தியாவுல வெச்சிருந்தாலே கேஸ். சட்டப்படி இருக்கிற முக்கிய வழி பிஎஸ்என்எல் தர்ற இன்மார்சாட் போன். ஆனா அதோட விலையும் நிமிஷக் கட்டணமும் கூலிக்குக் கடலுக்குப் போற ஆளுக்கு எட்டாது. இருந்தாலும் போட்டுக்கு ஒண்ணு, அதுவும் அவசரத்துக்கு மட்டும்.

ரெண்டு எம்பி கணக்கு

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம். மேல சொன்ன "நல்லா இருக்கோம். வியாழன் கரைக்கு வருவோம்."ங்கிற வரியை யூடிஎஃப்-8-ல எண்ணிப் பார்த்தேன்: 111 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும், புள்ளிக்கும் கொம்புக்கும் கூட, தனித்தனியா 3 பைட். சாதாரண எஸ்எம்எஸ்-லயும் ஆங்கிலம்னா 160 எழுத்து, தமிழ்னா 70 குறிதான்.

ஆனா கடல்ல இருந்து வீட்டுக்கு அடிக்கடி சொல்றது என்ன? நல்லா இருக்கோம். மீன் பாடு சுமார். இன்ஜின் கோளாறு, பயப்படாதீங்க. இத்தனை நாள்ல வருவோம். பணம் அனுப்பச் சொல்லியிருக்கேன். ஒரு 256 வாக்கியத்துக்குள்ள முக்காவாசி அடங்கிடும். 256 வாக்கியத்துக்கு நம்பர் போட்டா, ஒரு வாக்கியம் ஒரு பைட். படகு இருக்கிற இடத்துக்கு அட்சரேகை 3 பைட், தீர்க்கரேகை 3 பைட். அதுலயே சில மீட்டர் துல்லியம் கிடைச்சிடும். தேதி, நேரம், படகு எண் எல்லாம் சேர்த்து, தாராளமா 10 பைட்னு வைங்க.

ஒரு லட்சம் படகு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. ரெண்டு லட்சம் செய்தி, தலைக்கு 10 பைட். மொத்தம் 20 லட்சம் பைட். அதாவது 2 எம்பி.

இந்தியாவோட ஒரு லட்சம் மீன்பிடிப் படகும், காலையில ஒருதரம் ராத்திரி ஒருதரம் வீட்டுக்குச் செய்தி சொல்ல ஆகிற டேட்டா, நாம கேன்டீன்ல எடுத்து ஸ்டேட்டஸ் போடுற ஒரு பிரியாணி ஃபோட்டோ. பிழை திருத்தம், ஹெட்டர்னு பத்து மடங்கு கூட்டிக்கங்க. 20 எம்பி. ரெண்டு மூணு ரீல்ஸ். அவ்ளோதான்.

இதைப் போட்டு முடிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. கருவிக்கு 364 கோடி ஒதுக்கியாச்சு, சாட்டிலைட்டும் மேல இருக்கு. மிச்சம் இருக்கிற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

அவசரத்துக்கு மட்டும் போதாதா?

போதாதுன்னு நான் சொல்றதுக்கு ரெண்டு காரணம்.

முதல் காரணம், தினமும் தொடாத கருவி ஆபத்துல வேலை செய்யாது. நம்ம லேப்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்ச கருவியை இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு எடுத்தா ஆன் ஆகுதா? பேட்டரி செத்திருக்கும், கனெக்டர் துருப்பிடிச்சிருக்கும். உப்புக் காத்துல சொல்லவே வேணாம். ஆனா தினமும் ராத்திரி பொண்டாட்டி பிள்ளைக்குச் செய்தி அனுப்புற கருவியை ஒருத்தர் துடைச்சு, சார்ஜ் போட்டு, கண்ணு மாதிரி வெச்சிருப்பார். வீட்டுச் செய்திதான் அந்தக் கருவிக்கு மெயின்டனன்ஸ்.

ரெண்டாவது, நம்பிக்கை. "டிரான்ஸ்பாண்டர் வெச்சா நாம எங்க வலை போடுறோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே"ன்னு சில போட்காரங்க தயங்குறதா ரூம்மேட் சொன்னான். மீன் கிடைக்கிற இடத்தை அண்ணன் தம்பிக்கே சொல்ல மாட்டாங்களாம். கண்காணிக்க மட்டும் ஒரு பெட்டி மாட்டினா, அதை ஆஃப் பண்ணத்தான் தோணும். அதே பெட்டி வீட்டுக்குச் செய்தியும் சொன்னா, அது நம்மளோடது ஆயிடும்.

பாதுகாப்புக்கு ஆபத்துன்னு ஒரு வாதம் இருக்கு. அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா இங்க கேட்கிறது யாரும் எங்கயும் பேசக்கூடிய போன் இல்ல. பதிவு பண்ணின படகு, பதிவு பண்ணின குடும்ப நம்பர், இந்திய சாட்டிலைட், ஒவ்வொரு செய்தியோடயும் இடம். சொல்லப்போனா பேசாத படகைவிட, தினமும் ரெண்டு தடவை இடம் சொல்ற படகுதான் பாதுகாப்புக்கு நல்லது.

"2025 ஜூன்ல ஸ்டார்லிங்குக்கு லைசன்ஸ் கொடுத்தாச்சு, கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும்"னு கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான். வரட்டும். பெரிய போட்ல வீடியோ கால் பேசினா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மாசச் சந்தா, டிஷ், இருபத்துநாலு மணி நேர கரன்ட்னு அது மேல இருந்து கீழ இறங்கி வர்ற வசதி. சின்னப் படகுக்குக் கடைசியாத்தான் வரும். இந்தப் பத்து பைட்டை இன்னைக்கே எல்லாருக்கும் கொடுக்கலாம்.

ஒரு சட்டம், ஒரு ஓட்டை

வணிகக் கப்பல்ல வேலை செய்றவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு, 2006-ல போட்டது. இந்தியாவும் 2015-ல ஏத்துக்கிட்டது. அதுல 2022-ல ஒரு திருத்தம் செஞ்சாங்க. 2024 டிசம்பர் 23-ல அமலுக்கு வந்துச்சு. கப்பல்ல இருக்கிறவங்களுக்கு, முடிஞ்ச வரைக்கும், இன்டர்நெட் தரணும். காசு வாங்கினா நியாயமா வாங்கணும்னு அது சொல்லுது. குடும்பத்தோட பேசுறது சலுகை இல்ல, வேலை நிலைமையோட ஒரு பகுதின்னு உலகமே ஒத்துக்கிட்ட மாதிரி.

ஆனா அதே உடன்படிக்கை மீன்பிடிப் படகுக்குப் பொருந்தாது. அதே கடல், அதே அலை, வீட்டை விட்டு அதே தூரம். கன்டெய்னர் ஏத்தினா இன்டர்நெட் உண்டு, மீன் ஏத்தினா கிடையாது. இதுக்கு நியாயமான காரணம் ஒண்ணு யோசிச்சுப் பார்த்தேன். கிடைக்கல.

அதனால நான் கேட்கிறது மூணே மூணு. டிரான்ஸ்பாண்டர் திட்டத்துல, பதிவு பண்ணின குடும்ப நம்பருக்கு தினமும் ரெண்டு செய்தியாவது இலவசம்னு எழுத்துல உறுதி தரணும். அதுக்கு மேல போனா மொபைல் ரீசார்ஜ் அளவுக்குக் கட்டணம் இருக்கணும். அந்த வசதி படகு முதலாளிக்கு மட்டும் இல்லாம, கூலிக்குப் போற கடைசி ஆள் வரைக்கும் கிடைக்கணும்.

நாம என்ன செய்யலாம்?

நம்ம டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் "ஸ்மார்ட் டஸ்ட்பின்" ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றாங்க. குப்பைத்தொட்டி போதும்பா. அந்த 256 தமிழ் வாக்கியப் பட்டியலை யாராவது உட்கார்ந்து தயார் பண்ணலாம். நாம ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதினா உதவாது. தூத்தூருக்கும் நாகைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய், அவங்க சொல்ற வார்த்தையில எழுதணும். படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம், குரல். ஈரக் கையில அழுத்தினாலும் வேலை செய்ற பட்டன். லோரா மாட்யூல் ரெண்டு வாங்கி, போட்டுக்குப் போட் செய்தி தாண்டுற மாதிரி ஒரு மாடல் செய்யலாம். ஹாம் லைசன்ஸ் பரீட்சை எழுதி எச்எஃப் கத்துக்கலாம். எதுவும் பெரிய செலவு இல்ல.

நானும் ரூம்மேட்டும் பட்டியலை ஆரம்பிச்சுட்டோம். போன வாரம் வரைக்கும் 61 வாக்கியம் சேர்ந்திருக்கு. ஒண்ணாம் நம்பர் வாக்கியத்தை அவன்தான் சொன்னான், அவன் அப்பா குரல்லயே: "இங்க ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க."

ஒரே ஒரு பைட்.